கதவு வரை போய்த் திரும்பி வந்து சொல்லும் நோய்! பெண்கள் மறைக்கும் அந்தரங்கத் தொல்லைகள் – பெரும்பாலானவை சுலபமாகத் தீரும்

சென்னையில் எழும்பூர் ஆஸ்பத்திரி ஆகட்டும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி ஆகட்டும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி ஆகட்டும், காலையில் ஓ.பி. சீட்டு வாங்கப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

“என்னம்மா உடம்புக்கு?” என்று டாக்டர் கேட்டால், வழக்கமாக வரும் பதில் இதுதான்:

“இடுப்பு வலிங்க.”

“ஒரே அசதியா இருக்குங்க. கை கால் எல்லாம் குடைச்சல்.”

டாக்டர் பார்க்கிறார். மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணும் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். கதவு வரை போனவள் தயங்கி நிற்கிறாள். திரும்பி வருகிறாள்.

“டாக்டரம்மா... இன்னொண்ணு இருக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல...”

அந்த “இன்னொண்ணு”க்காகத்தான் அவள் விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறாள்!

பல பெண்கள் அந்தக் கதவைத் தாண்டியே போய்விடுகிறார்கள். திரும்பி வந்து சொல்வதில்லை. வெள்ளைப்படுதல், அரிப்பு, தாம்பத்தியத்தின்போது வலி, உறவுக்குப் பிறகு ரத்தம், உறவிலேயே வெறுப்பு... இவற்றில் பல, ஒரு வார மாத்திரையில் தீரக்கூடியவை. ஒன்று மட்டும், கவனிக்காமல் விட்டால் உயிரையே வாங்கிவிடும்.

சுவரெல்லாம் ஆண்களுக்கே!

ஆண்களுக்கு இந்த விஷயத்தில் விளம்பரத்துக்குப் பஞ்சமே இல்லை. பஸ் நிலையச் சுவரைப் பாருங்கள். ரயில்வே பாலத்தின் தூணைப் பாருங்கள். “இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்!” இந்தத் தேதியில் இந்த ஊர், அந்தத் தேதியில் அந்த ஊர் என்று லாட்ஜ் அறை எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களின் நோட்டீசுகள் ஒட்டிக்கிடக்கும்.

செக்ஸ் சக்தியைக் கூட்டுவதாகவும், மாதவிடாய்க் கோளாறையும் பெண் நோய்களையும் தீர்ப்பதாகவும் மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில். நோட்டீசுகள் என்னவோ ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன!

பெண்ணுக்கு அந்த நோட்டீசும் கிடையாது. அவள் யாரிடம் கேட்பாள்? பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பாள். “எல்லாருக்கும் இருக்கிறதுதான், விடு” என்பார் அந்த அக்கா. மாமியாரிடம் சொன்னால், “உடம்பு சூடு, வெந்தயம் ஊறவச்சுக் குடி” என்பார். கதை அத்தோடு முடிந்தது.

எலும்பு உருகுகிறதா?

வெள்ளைப்படுதல் பற்றிப் பெண்களிடையே ஒரு பெரிய பயம் உண்டு. “எலும்பு உருகி வெளியே போகுது” என்பார்கள். அதனால்தான் உடம்பு இளைக்கிறது, இடுப்பு ஓய்ந்து போகிறது என்று நம்புகிறார்கள்.

இதில் துளிகூட உண்மை இல்லை. எலும்பு உருகாது. அதற்கு வெளியே வர வழியும் கிடையாது!

வாய்க்கு எச்சில் போல, கண்ணுக்குக் கண்ணீர் போல, பிறப்புறுப்புக்கும் ஒரு ஈரம் தேவை. நிறமில்லாமலோ லேசான வெண்மையாகவோ, நாற்றம் இல்லாமல், அரிப்பு இல்லாமல் இருந்தால் அது நோயே அல்ல. மாதவிடாய்க்கும் மாதவிடாய்க்கும் நடுவில், கரு முட்டை வெளியாகும் நாட்களில், இது கொஞ்சம் கூடும். கர்ப்ப காலத்திலும் கூடும்.

உடம்பு இளைப்பதற்கும் அசதிக்கும் பல சமயம் காரணம் ரத்தசோகை. அதற்கு வைத்தியம் தனி. வெள்ளையைப் பழி சொல்லிக்கொண்டு இருந்தால் ரத்தசோகையைக் கவனிக்க ஆள் இல்லாமல் போகும்.

மூன்று வகை, மூன்று அடையாளம்

எப்போது அது நோய்? நிறம் மாறினால், நாற்றம் அடித்தால், அரித்தால், எரிந்தால் நோய்.

முதல் வகை, பூஞ்சைக் காளான். தயிர் திரிந்தாற்போல் கட்டி கட்டியாகப் படும். அரிப்பு தாங்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும், வேறு நோய்க்காக ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். திரும்பத் திரும்ப வந்தால் உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். “அரிக்குது” என்று வந்த பெண்ணுக்கு சர்க்கரை நோய் இருப்பது அப்போதுதான் தெரியவரும் என்பதும் உண்டு. உள்ளே வைக்கும் மாத்திரையிலோ, வாய் வழி சாப்பிடும் மாத்திரையிலோ இது தீரும்.

இரண்டாவது வகை, பாக்டீரியாக் கிருமிகளின் சமநிலை கெடுவதால் வருவது. சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படும். மீன் வாடை அடிக்கும். உறவுக்குப் பிறகு அந்த வாடை கூடும். பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்தவை அவை. அவை உண்டாக்கும் புளிப்புதான் அந்த இடத்துக்குக் காவல். அந்தக் காவல் போனால் கெட்ட கிருமிகள் பெருகிவிடும்.

இங்கேதான் பெண்கள் ஒரு தவறு செய்கிறார்கள். வாடை அடிக்கிறதே என்று சோப்புப் போட்டும், கிருமிநாசினி கலந்த தண்ணீர் விட்டும் உள்ளே கழுவுகிறார்கள். நல்ல கிருமியும் சேர்ந்து சாகிறது. நோய் இன்னும் வளர்கிறது! வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். உள்ளே கழுவவே கூடாது.

மூன்றாவது வகை, டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் கிருமியால் வருவது. மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல், நுரைத்து, நாற்றத்தோடு படும். இது உடலுறவால் தொற்றுவது. 2020-ல் உலகம் முழுவதும் 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 15 கோடியே 60 லட்சம் புதிய தொற்றுகள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. குணமாக்கக்கூடிய பால்வினை நோய்களில் இதுவே முதலிடம். ஒரு வார மாத்திரையில் தீர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு கிருமிகள் உண்டு. கிளமிடியா, கொனோரியா. பெண்களிடம் பெரும்பாலும் இவை சத்தமே போடுவதில்லை. வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிப் போய்ப் புண்ணாக்கி, குழாயை அடைத்துவிடும். “குழந்தை இல்லையே” என்று கோயில் கோயிலாகச் சுற்றும் பெண்களில் சிலருக்குக் காரணம், என்றோ கவனிக்காமல் விட்ட இந்தத் தொற்றுதான். அடிவயிற்று வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கணவனும் மாத்திரை சாப்பிட வேண்டும்!

“மாத்திரை சாப்பிட்டேன், சரியாச்சு. ரெண்டே மாசத்துல திரும்ப வந்துடுச்சு டாக்டரம்மா!”

இதுவும் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி கேட்கும் குரல். காரணம் எளிது. மனைவிக்கு மருந்து கொடுத்தாயிற்று. கிருமி கணவனிடம் பத்திரமாக இருக்கிறது! ஆணுக்குப் பல சமயம் எந்தத் தொந்தரவும் தெரியாது. “எனக்கு என்ன வியாதி? நான் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?” என்று மீசையை முறுக்குவார். மனைவிக்கு மறுபடி தொற்றும்.

மீன் வாடை அடிக்கும் இரண்டாவது வகைக்குக் கணவனுக்கு மருந்து வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் வெகுகாலம் நினைத்து வந்தார்கள். அந்த எண்ணத்தை ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2025-ல் மாற்றிவிட்டது. 164 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் மருந்து. இன்னொரு பிரிவில் ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூசும் களிம்பும். 12 வாரத்துக்குள் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் 100-க்கு 63 பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த பிரிவில் 100-க்கு 35 பேருக்குத்தான் திரும்பியது!

ஆகவே ஆஸ்பத்திரிக்கு மனைவி மட்டும் வந்தால் போதாது. கணவனும் வர வேண்டும். இருவரும் மருந்தை முடிக்கும் வரை உறவு கூடாது. அல்லது ஆணுறை வேண்டும்.

இந்தத் தொற்றுகளைக் கவனிக்காமல் விட்டால் எய்ட்ஸ் கிருமி சுலபமாக ஏறும். இந்தியாவிலேயே முதன்முதலாக எய்ட்ஸ் கிருமி கண்டறியப்பட்டது 1986-ல், இதே சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் மேற்பார்வையில் நடந்த ஆய்வு அது. இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இதற்கான ரத்தப் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள்.

ரத்தம் கண்டால் சும்மா இருக்கக் கூடாது

உயிரை வாங்கும் என்று சொன்னது இதைத்தான்.

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம் பட்டால், மாதவிடாய் அடியோடு நின்றுபோன பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டால்கூட டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சாதாரணப் புண்ணாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றிய உடனே புற்றுநோய் வந்துவிடாது. பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால் புற்றுநோய் ஆகாமலே தடுத்துவிடலாம்.

பரிசோதனை ஒன்றும் பயங்கரம் அல்ல. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் இருக்கிறதே, அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். கெட்டுப்போன இடம் இருந்தால் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம்! அங்கே 30 வயது முதல் 59 வயது வரை உள்ள பெண்களுக்கு நர்சுகளே இதைச் செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட 100-க்கு 35 வீதம் குறைந்தது. 2007-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் இந்த முடிவு வெளியானது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை உண்டு. பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசி 2023-ல் வெளிவந்துவிட்டது.

கட்டிலைக் கண்டாலே நடுக்கம்

சில வீடுகளில் நடப்பது இது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கணவன் மனைவிக்குள் ஒன்றும் நடந்திருக்காது. கணவன் நெருங்கினால் அந்தப் பெண்ணின் உடம்பே விறைத்துப் போகும். தொடைகள் இறுகிக்கொள்ளும். வலியில் துடிப்பாள்.

“பொண்ணுக்கு இஷ்டமில்லாமல் கட்டிவச்சுட்டாங்க” என்பார் ஒருவர். “பேய் புடிச்சிருக்கு” என்பார் இன்னொருவர். “கோளாறு உள்ள பொண்ணைத் தலையில கட்டிட்டாங்க” என்று பஞ்சாயத்து கூடும். பெண் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவாள்.

இதற்குப் பேயும் காரணம் இல்லை, பிடிவாதமும் காரணம் இல்லை. ‘வஜினிஸ்மஸ்’ என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணுக்கு நேரே கையை ஓங்கினால் இமை தானாக மூடுகிறதே, அதுபோல பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசை தானாக இறுகிக்கொள்கிறது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை. வலிக்குமோ என்ற பயம், சின்ன வயதில் கேட்ட பயமுறுத்தல், நடந்த ஏதாவது ஒரு கொடுமை... எதுவும் காரணமாக இருக்கலாம். காரணமே தெரியாமலும் வரலாம்.

பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. பயத்தைப் போக்கப் பேச்சு, மூச்சுப் பயிற்சி, அந்தத் தசையை இறுக்கவும் தளர்த்தவும் பயிற்சி, பிறகு சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாகப் பழக்கும் கருவிகள். இதுதான் வைத்தியம். முக்கியமான மருந்து கணவனின் பொறுமை. பலவந்தம் செய்தால் நோய் இரட்டிப்பாகும்.

ஆழத்தில் வலித்தால் விஷயம் வேறு. கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியிடங்களில் வளரும் நோயோ, கட்டியோ, தொற்றோ இருக்கலாம். ஸ்கேன் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

45-க்கு மேல் என்ன ஆகிறது?

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகிறது. உறவு என்றால் எரிச்சல், வலி. அடிக்கடி நீர்க்கடுப்பு.

“பேரன் பேத்தி எடுத்தாச்சு, இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா?” என்று பெண்கள் வாய் திறப்பதில்லை. கணவனோ “அவளுக்கு என்மேல் பிரியம் போய்விட்டது” என்று நினைத்துக்கொள்கிறார்! வறட்சிக்கு வழவழப்பு ஜெல் உண்டு. டாக்டர் யோசனைப்படி பூசும் ஹார்மோன் களிம்பும் உண்டு. ஆணுறை உபயோகிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

கர்ப்பப்பை இறங்கி வெளியே தட்டுப்படுவதும் இப்படி மறைக்கப்படும் ஒன்றுதான். “அடி இறங்குது” என்று சொல்லக் கூச்சப்பட்டு, குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் வருஷக்கணக்கில் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் பயிற்சி, பிறகு உள்ளே பொருத்தும் வளையம், முற்றினால் ஆபரேஷன் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வைத்தியம் இருக்கிறது.

விருப்பம் ஏன் குறைகிறது?

“எனக்கு அதிலே ஆசையே இல்லீங்க” என்று ஒரு பெண் சொன்னால், உடனே அவள் மனசைச் சந்தேகப்படக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் மாறுதலால் ஆசை குறையும். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாமே ஆசையைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் குறைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, சமையல், பிள்ளைகள், வேலை, பஸ் நெரிசல், மறுபடி சமையல் என்று ராத்திரி 11 மணி வரை ஓடுகிற உடம்பு அது. ஒரே அறை வீடு. பக்கத்தில் பிள்ளைகள். கணவன் குடித்துவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். அவளுக்குத் தூக்கம்தான் வரும். மறுபடி கர்ப்பம் தரித்துவிடுவோமோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்துக்குச் சரியான கருத்தடை முறை ஒன்றே மருந்து.

140 வருஷத்துக்கு முந்தைய வெட்கம்

சென்னைப் பெண்களின் இந்த வெட்கம் புதிதல்ல. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே செத்த பெண்கள் ஏராளம். இதைக் கண்டு மனம் வருந்தியவர் மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார வக்கீலின் மனைவி. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானே டாக்டருக்குப் படித்தார். 1885-ல் திரைமறைவில் வாழும் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்தார். அதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

1912-ல் அதே கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் உருவானதே அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. வெட்கத்துக்கு மதிப்புக் கொடுத்துத் தனி ஆஸ்பத்திரி கட்டியாயிற்று. பெண் டாக்டர்களும் வந்தாயிற்று. பெண்கள் வாய் திறப்பதுதான் பாக்கி!

என்ன செய்ய வேண்டும்?

* சீட்டு வாங்கி உள்ளே போனதும் முதல் வார்த்தையாகவே உண்மைத் தொல்லையைச் சொல்லிவிட வேண்டும். “வெள்ளைப்படுது”, “சேரும்போது வலிக்குது”, “அப்புறம் ரத்தம் படுது” – இந்த மூன்று சொற்கள் போதும். டாக்டர் மற்றதைக் கேட்டுக்கொள்வார்.

* பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டர் பரிசோதித்தால் கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு.

* மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்று கேட்டு வாங்கக் கூடாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து மற்ற கிருமிக்குக் கேட்காது.

* பாதியில் அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

* நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். பெயர் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், “உடம்புக்கு ஏதாவது இருந்தா சொல்லு, நானும் கூட வர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் எழுதித் தரும் எந்த மருந்தும் அதற்கப்புறம்தான் வேலை செய்யும்.